பிள்ளைகளை ஒருநாள் பிரைசாக்குக்குக் கூட்டிப்போவோம்: தமிழ் வகுப்பு நிர்வாகிகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

தென்மேற்கு ஜேர்மனியில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளை நடத்துகிற நிர்வாகிகளுக்கும், ஆசிரியர்களுக்கும், மழையிலும் பனியிலும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோருக்கும் வணக்கம்.

போன கூட்டத்தில் ஆண்டுச் சுற்றுலாவைப் பற்றிக் கதைத்தபோது நான் பிரைசாக் என்று சொன்னேன். "அங்கே என்ன இருக்கிறது? ஒரு குன்று, ஒரு தேவாலயம், ஓர் ஆறு. பிள்ளைகள் அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்பார்கள்" என்று ஒருவர் சொன்னார். வழக்கம்போல ரூஸ்ட் விளையாட்டுப் பூங்கா என்று முடிவாகப் போகிற நேரத்தில் இன்னொருவர் மெதுவாக, "போர் நடந்த ஊரையெல்லாம் ஏன் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், நாங்கள் அதிலிருந்து தப்பித்தானே இங்கே வந்தோம்" என்றார். முதல் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இருந்தது. இரண்டாவதற்கு இல்லை. வீட்டுக்கு வந்து பல நாள் யோசித்தேன். இரண்டுக்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரைபுர்க் பெரிய நிலையத்தில் ரயிலேறினால் அரை மணிக்குள் பிரைசாக். கைசர்ஸ்டூல் சரிவுகளில் திராட்சைக் கொடிகள் வரிவரியாக ஓடும். அவற்றைப் பார்த்துக்கொண்டே போனால் ரயில் ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் பாதை இல்லை. சில நிமிட நடையில் ரைன் நதி, அக்கரையில் பிரான்ஸ். இந்தப் பாதை ஒரு காலத்தில் இங்கே முடியவில்லை. 1878இல் ஆற்றின் மேல் பாலம் போட்டு கோல்மார் வரை ரயில் ஓடியது. இரண்டாம் உலகப் போரில் பாலம் தகர்க்கப்பட்டது. காரும் பஸ்ஸும் போகப் பின்னர் பாலம் வந்தது, ரயிலுக்கு வரவில்லை. 2019இல் ஜேர்மனியும் பிரான்சும் ஆகன் நகரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டபோது, முன்னுரிமை கொடுக்க வேண்டிய வேலைகளில் இந்தப் பாதையைத் திரும்ப இணைப்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். சுற்றுலாவை அந்த நிலையத்திலேயே தொடங்க வேண்டும் என்பது என் ஆசை. பிள்ளைகளை மேடையின் நுனியில் நிறுத்தி, ரயில் ஏன் இதற்கு மேல் போகவில்லை என்று கேளுங்கள். நாள் முழுவதும் அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் நடந்து தேடப் போகிறோம்.

பிரைசாக் சின்ன ஊர். சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்தால்தான் 16,000 பேர் அளவில் வருவார்கள். சமவெளியில் ஆற்றையொட்டி எரிமலைப் பாறைக் குன்று ஒன்று தனியாக எழும்பி நிற்கிறது. ஊரின் தலையெழுத்தே அந்தக் குன்றுதான். மேலே ஏறினால் கிழக்கே கருங்காட்டு மலைகள், மேற்கே வோஸ்ஜ் மலைகள், நடுவே ஆறு. யார் வந்தாலும் இங்கிருந்து பார்க்கலாம், யாரையும் இங்கிருந்து தடுக்கலாம். கெல்ட் மக்கள் குடியிருந்தார்கள். ரோமர் கோட்டை கட்டினார்கள். 369ஆம் ஆண்டு பேரரசர் வலன்டினியன் பிறப்பித்த சட்டம் ஒன்று இந்த ஊரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாம் குடியிருக்கிற பிரைஸ்கவ் என்ற வட்டாரத்துக்கே பெயர் தந்தது இந்தக் குன்றுதான். ஃப்ரைபுர்க் அதற்கு மிகவும் பிந்தியது.

ஆற்றைப் பற்றியும் ஒரு சொல். இன்று கரைகட்டி நேராக ஓடுகிற ரைனைப் பார்த்துப் பழைய ரைனை நினைக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டில் துல்லா என்ற பொறியாளர் போட்ட திட்டத்தின்படி நேராக்குவதற்கு முன்பு, அது பல கிளைகளாகப் பிரிந்து, வெள்ளத்துக்கு வெள்ளம் இடம் மாறி ஓடியது. அப்படிப்பட்ட ஆற்றைப் பாலம் போட்டுக் கடக்கத் தோதான இடங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று பிரைசாக். பாலம் இருக்கிற இடத்துக்கு வியாபாரி வருவான், பின்னாலேயே படையும் வரும்.

குன்றின் உச்சியில் புனித ஸ்தேவான் பேராலயம். கட்டத் தொடங்கியது 12ஆம் நூற்றாண்டில், முடித்தது 15ஆம் நூற்றாண்டில். சின்னப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு கதை இருக்கிறது. பீடத்தின் பின்னால் லிண்டன் மரத்தில் செதுக்கிய ஒரு பெரிய அலங்காரம் நிற்கிறது. 1523க்கும் 1526க்கும் இடையில் செய்தது. செய்தவரின் முழுப் பெயர் உறுதியாகத் தெரியாததால் எச்.எல். என்ற இரண்டு எழுத்துகளாலேயே அழைக்கிறார்கள். அந்தச் சிற்பி ஊர்ப் பெரியவர் ஒருவரின் மகளை விரும்பினாராம். "இந்தத் தேவாலயத்தைவிட உயரமான பீடத்தை இதற்குள்ளேயே செய்து வை, பெண் தருகிறேன்" என்றாராம் தகப்பன். சிற்பி செய்தார். உச்சிக் கொடி கூரையைத் தொடும் இடத்தில் வளைந்து முன்னே குனிந்து நிற்கும்படி செதுக்கினார். நிமிர்த்தினால் கூரையைவிட உயரம். ஊர்க்கதைதான். ஆனால் அண்ணாந்து பார்த்தால் அந்த வளைவு உண்மையாகவே இருக்கிறது. மரம் காற்றில் ஆடுகிற துணிபோல மடிந்து மடிந்து கிடக்கும். நான் பார்த்த மரவேலைகளில் இதற்கு ஈடாக இன்னொன்று இல்லை.

அதே ஆலயத்தின் மேற்குப் புறச் சுவர்களில் மார்ட்டின் ஷோன்கவர் வரைந்த இறுதித் தீர்ப்பு இருக்கிறது. கோல்மாரில் பிறந்த பெரிய ஓவியர் அவர். கடைசிக் காலத்தில் ஆற்றைக் கடந்து இங்கே வந்து இதை வரைந்தார், 1491இல் இங்கேயே இறந்துபோனார். பல காலம் சுண்ணாம்புக்குள் மறைந்து கிடந்த ஓவியம். மங்கிப்போய்த்தான் இருக்கிறது, கண்ணைப் பழக்கிக்கொண்டால் உருவங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். சுற்றியிருந்த ஊர் எத்தனையோ முறை விழுந்தும் இவை மிஞ்சியிருக்கின்றன என்பதைப் பிள்ளைகள் மாலையில் திரும்பி இறங்கும்போது நினைத்துப் பார்க்கட்டும்.

இனி, பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒரு வழக்கு. 1469இல் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பேர்க் குடும்பத்துக் கோமகன் சிகிஸ்முண்ட் பணமுடையில் அக்கரை அல்சாஸிலும் இந்தப் பக்கத்திலும் இருந்த தன் நிலங்களை பர்கண்டிக் கோமகன் சார்ள்ஸிடம் அடகு வைத்தார். ஊர்களை அதில் வாழ்கிற மனிதரோடு சேர்த்து அடகு வைக்கிற காலம் அது. சார்ள்ஸ் இங்கே ஆளுநராக வைத்தது பீட்டர் ஃபொன் ஹாகன்பாக் என்பவரை. புது வரி போட்டார். எதிர்த்த 'தான்' (Thann) என்ற நகரத்தின் மக்களில் சிலரின் தலையை வெட்டினார். பிரைசாக்கில் வெளியூர்க் கூலிப்படையை நிறுத்தினார். 1474 ஈஸ்டர் நாள்களில் ஊர் எழுந்தது. சம்பளம் கிடைக்காத கூலிப்படையின் ஒரு பகுதியும் ஊரோடு சேர்ந்துகொள்ள, ஹாகன்பாக் பிடிபட்டார்.

அவரை அங்கேயே அடித்துக் கொன்றிருக்கலாம். அந்தக் காலத்தில் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சுற்றியுள்ள பல நகரங்களிலிருந்து நீதிபதிகளை வரவழைத்து, 28 பேர் கொண்ட ஒரு மன்றத்தைக் கூட்டி, பொதுவெளியில் விசாரித்தார்கள். கொலை, பெண்களைப் பலாத்காரம் செய்தது, கொடுத்த சத்தியத்தை மீறியது என்று குற்றங்கள் வாசிக்கப்பட்டன. தன் தலைவனான கோமகனின் கட்டளையைத்தான் நிறைவேற்றினேன், கட்டளையைக் கேள்வி கேட்க எனக்கு உரிமை இல்லை என்பதுதான் அவர் தரப்பு வாதம். மன்றம் அதை ஏற்கவில்லை. 1474 மே 9 அன்று தலை துண்டிக்கப்பட்டது.

அது நேர்மையான விசாரணைதான் என்று நான் சொல்ல மாட்டேன். முன்கூட்டியே அவரைச் சித்திரவதை செய்திருந்தார்கள், தீர்ப்புச் சொன்னவர்களில் பலர் அவருடைய எதிரிகள். அதையும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. ஆனாலும் "மேலிடம் சொன்னது, செய்தேன்" என்ற பதில் போதாது என்று பல ஊர்கள் சேர்ந்து உட்கார்ந்து சொன்ன முதல் சந்தர்ப்பங்களில் ஒன்றாகச் சட்டம் படித்தவர்கள் இதைக் காட்டுகிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பேர்க் வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பிரைசாக்குக்குத் திரும்பி வருவது இதனால்தான். சட்டம் படிக்கப் போகிறேன் என்று சொல்கிற பிள்ளைகள் நம் வகுப்புகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் இந்த மண்ணில் ஒருமுறை நிற்க வேண்டும்.

அப்புறம் 1638. சின்னப் பிள்ளைகளிடம் இதை விரிவாகச் சொல்ல வேண்டாம்.

1618இல் ஐரோப்பாவில் தொடங்கிய முப்பதாண்டுப் போர் பாதியைத் தாண்டியிருந்த நேரம். இத்தாலியின் மிலானிலிருந்து நெதர்லாந்துக்கு ஸ்பானியப் படைகளும் பணமும் போகிற தரைவழியில் பிரைசாக் ஒரு கணு. அதை அறுக்க பிரான்சின் முதலமைச்சர் ரிஷ்லியூ விரும்பினார். அவருடைய பணத்தில் போரிட்ட சாக்சன்-வைமார் இளவரசர் பேர்ன்ஹார்ட் ஊரைச் சுற்றி வளைத்தார். உள்ளே ஹாப்ஸ்பேர்க் தரப்புத் தளபதி ராய்னாக் கதவைத் திறக்க மறுத்தார். மீட்க வந்த படைகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. மாதங்கள் போயின. குதிரை தீர்ந்தது, நாய் தீர்ந்தது, எலிக்கு விலை வந்தது. இறந்தவர்களின் உடலையே தின்றார்கள் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. பிடித்து வைத்திருந்த எதிரிப் படைக் கைதிகளுக்குக் கொடுக்க எதுவும் இல்லாமல் அவர்களும் உள்ளே செத்தார்கள். டிசம்பர் 17 அன்றுதான் கதவு திறந்தது.

நம் வகுப்பில் உழிஞை என்றால் கோட்டையை வளைப்பது, நொச்சி என்றால் கோட்டையைக் காப்பது என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். திணைப் பெயரும் பூவின் பெயரும் வந்துவிட்டால் முழு மதிப்பெண். அடைத்த கோட்டைக்குள் பால் இல்லாமல் குழந்தை அலறுவதைச் சங்கப் புலவரே பாடியிருக்கிறார், நாங்கள் அதை வேகமாகக் கடந்துவிடுகிறோம். பிரைசாக் குன்றின் மேல் ஓர் ஆழமான கிணறு இருக்கிறது. சுமார் 40 மீட்டர், பாறையைக் குடைந்து இறக்கியது. பெரிய சக்கரத்தைச் சுற்றித் தண்ணீர் இழுத்திருக்கிறார்கள். வெளியே இவ்வளவு பெரிய ஆறு ஓடும்போது குன்றின் மேல் இருப்பவர்கள் ஏன் இவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்று அந்தக் கோபுரத்தின் பக்கத்தில் நின்று கேட்டால், முற்றுகை என்ற சொல்லுக்கு உரையே தேவைப்படாது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். கேட்டால் தலை சுற்றும். 1648 வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையில் பிரைசாக் பிரான்சுக்குப் போனது. பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் கோட்டைப் பொறியாளர் வோபான் பலமாக அரண் கட்டினார். 1697இல் ரிஸ்விக் உடன்படிக்கை ஊரை ஹாப்ஸ்பேர்க்குக்குத் திருப்பிக் கொடுத்தது. கையைவிட்டுப் போன கோட்டைக்குப் பதிலாக வோபான் அக்கரையில், சில கிலோமீட்டர் தள்ளி, எண்கோண வடிவில் புத்தம் புதிய ஊரையே வரைந்து கட்டினார். அதுதான் நெஃப் பிரிசாக், புதிய பிரைசாக். 1703இல் பிரெஞ்சுப் படை திரும்ப வந்து இரண்டே வாரத்தில் பழைய பிரைசாக்கைப் பிடித்தது. சரணடைந்த தளபதி ஆர்கோவுக்குச் சொந்தத் தரப்பே மரண தண்டனை கொடுத்தது. அவருக்கு அடுத்த நிலையில் இருந்த மார்சிலி பதவி பறிக்கப்பட்டு அவமானப்படுத்தப்பட்டார். அவர் அதன் பிறகு கடலின் ஆழத்தையும் நீரோட்டத்தையும் அளந்து, கடல் அறிவியலின் முன்னோடிகளில் ஒருவரானார் என்பது எனக்கு எப்போதும் ஆறுதல் தருகிற செய்தி. 1714இல் ஊர் மறுபடி ஆஸ்திரியாவிடம். 1740களில் மரியா தெரேசா காலத்தில், காப்பாற்ற முடியாத கோட்டை நமக்கு வேண்டாம் என்று அரண்களை அவர்களே இடித்தார்கள்.

இந்த இழுபறியில் மிஞ்சியது கீழே நிற்கிற ரைன் வாசல். லூயி காலத்தில் எழுப்பியது. இப்போது உள்ளே ஊர் வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த வாசலுக்கென்று எழுதிய லத்தீன் வாசகத்தின் பொருள் இது: "பிரெஞ்சுக்காரருக்கு நான் எல்லையாக இருந்தேன். இப்போது பாலமும் வாசலும் ஆகிறேன். அவர்கள் இப்படியே போனால் அவர்களுக்கு எங்குமே எல்லை இராது." வென்றவனின் பெருமைப் பேச்சு. பிள்ளைகள் இதைத் தமிழில் ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும், பிறகு இந்த வாசகத்துக்குத் திரும்பி வருவோம்.

1793 செப்டெம்பரில் பிரெஞ்சுப் புரட்சிப் படை அக்கரையிலிருந்து ஷெல் அடித்தது. அடித்த இடங்களில் ஒன்று மோர்ட்டியே கோட்டை. அது முன்பு பிரைசாக்கின் பாலத்தைக் காக்கவென்று அதே பிரைசாக்குக்காகக் கட்டிய கோட்டை. அரண்கள் இல்லாத ஊர், எரிவதைத் தவிர வேறு வழியில்லை. நான்கு நாளில் ஊர் கிட்டத்தட்ட முழுதும் போயிற்று. பேராலயத்தைச் சுற்றி இன்று அவ்வளவு வெளியாக இருக்கிறதே, அழகான சதுக்கம் என்று நாம் படம் எடுக்கிறோமே, அங்கெல்லாம் வீடுகள் நெருக்கமாக இருந்தன. 1870இல் பிரஷ்யப் படை அந்த மோர்ட்டியே கோட்டையை அடித்து நொறுக்கியது. அந்தக் கணக்கும் இப்படி நேரானது.

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஏன் பிள்ளைகளுக்குப் போரைக் காட்ட வேண்டும்?

ரைன் வாசலிலிருந்து போகும் தெருவில் நீல நிற வீடு ஒன்று இருக்கிறது. பெயரே நீல வீடு. பிரைசாக்கின் யூத சமூகத்துக்குச் சொந்தமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பள்ளிக்கூடம் நடந்தது. யூதர்கள் இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக மாடு விற்றார்கள், துணி விற்றார்கள், பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தார்கள். 1938 நவம்பரில் அவர்களுடைய தொழுகைக் கூடத்தை நாஜிகள் எரித்தார்கள். அதற்குப் பிறகு தொழுவதற்கு இந்த வீட்டின் ஓர் அறைதான் மிஞ்சியது. 1940 அக்டோபர் 22 அன்று பாடன், ஃபால்ஸ், சார்லாந்துப் பகுதிகளிலிருந்து சுமார் 6,500 யூதர்களை ரயிலேற்றி, பிரான்சின் தெற்கே பிரனீஸ் மலையடிவாரத்தில் இருக்கும் கூர்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். எடுத்துக்கொள்ள ஒரு பெட்டி. கிளம்பச் சிறிது நேரம். பிரைசாக்கில் மிஞ்சியிருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். முகாமில் பசியிலும் குளிரிலும் பலர் இறந்தார்கள். 1942 முதல் பலர் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். அந்தச் சமூகம் இந்த ஊரில் திரும்ப உருவாகவே இல்லை. 2000ஆம் ஆண்டில் ஊர்க்காரர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து இந்த வீட்டை வாங்கி, பழுது பார்த்து, நினைவு இல்லமாகவும் படிக்கிற இடமாகவும் ஆக்கியிருக்கிறார்கள். தப்பிப் பிழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பல நாடுகளிலிருந்து இங்கே வந்து போயிருக்கிறார்கள்.

நம் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். அப்பாவோ அம்மாவோ ஏன் பட்டாசுச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறார் என்று அவர்களுக்குத் தெரியும், ஏன் என்று கேட்கக் கூடாது என்பதும் தெரியும். பதுங்குகுழி, இடம்பெயர்வு, தடுப்பு முகாம் என்ற சொற்களைப் பெரியவர்கள் கதைக்கும்போது காதில் வாங்கியிருக்கிறார்கள். நாங்கள் அவர்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மௌனமாக இருக்கிறோம். என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. சில வருடங்களுக்கு முன் என் மகளோடு நீல வீட்டுக்குப் போனேன். பெட்டி, கிளம்பக் கொடுத்த நேரம், இதையெல்லாம் வாசித்துவிட்டு வெளியே வந்தவள் ரயிலில் திரும்பும்போது, "அப்பா, நீங்கள் எதை எடுத்துக்கொண்டு வந்தீர்கள்?" என்று கேட்டாள். பதினான்கு வருடமாக அவள் கேட்காத கேள்வி. ஃப்ரைபுர்க் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். சான்றிதழ்கள் இருந்த பொலித்தீன் பையைப் பற்றி, அம்மா கட்டித் தந்த சோற்றுப் பொதியைப் பற்றி. வீட்டுக்கு வந்தும் முடியவில்லை.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு நடந்தது அவர்களுக்கு நடந்தது, நமக்கு நடந்தது நமக்கு. ஒன்றை மற்றதோடு தராசில் வைக்கிற ஆசிரியர் இந்தச் சுற்றுலாவுக்கு வர வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் தன் வீட்டில் கேட்க முடியாததை இன்னொருவர் வீட்டின் வாசலில் நின்று ஒரு பிள்ளை கேட்கத் தொடங்க முடியும். நாங்களும் அந்த இடத்தில் பதில் சொல்ல முடியும். கூட்டத்தில் மெதுவாகக் கேட்ட அந்தப் பெற்றோருக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். உங்கள் பயம் எனக்கும் இருந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. நாளின் கடைசி இடம் அதுதான்.

1945இல் போர் முடிந்தபோது பிரைசாக்கில் 85 விழுக்காடு இடிந்து கிடந்தது. ஆற்றின் குறுக்கே நடந்த பீரங்கிச் சண்டையில் மேல் ஊர், கீழ் ஊர், பேராலயம் எல்லாமே அடிவாங்கின. இடம்பெயர்ந்திருந்தவர்கள் திரும்பி வந்து இடிபாடுகளுக்கு நடுவே குடியேறினார்கள். பிரெஞ்சுப் படையின் ஆட்சியில் இருந்த பகுதி இது. அக்கரையிலும் நிலைமை அதுதான், கோல்மார் சமவெளிச் சண்டையில் அங்கேயும் ஊர் ஊராக அழிந்திருந்தது.

இந்த ஊர் அக்கரைக்காரனை மன்னிக்க எந்தக் காரணமும் இல்லை, அக்கரைக்கும் இல்லை. அப்படி இருக்கும்போது 1950 ஜூலை 9 அன்று பிரைசாக்கில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. நாடுகளுக்கு நடுவே இருக்கிற தடைகளை நீக்கி ஒன்றுபட்ட ஐரோப்பா வேண்டுமா என்பதுதான் கேள்வி. ஐரோப்பிய இணைப்பை விரும்பிய ஓர் இயக்கம், சாதாரண மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பார்க்க இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது. ஜேர்மனியில் முதல் ஊர் இதுதான், ஒரு வாரம் கழித்து காஸ்ட்ரோப்-ரவுக்சல் நகரம் வாக்களித்தது. பிரைசாக்கில் வாக்குரிமை உள்ளவர்களில் 87.5 விழுக்காட்டினர் வந்து வாக்குப் போட்டார்கள். அதில் 95.6 விழுக்காடு ஆம். தலைக்கு மேல் முழுசாகக் கூரை இல்லாதவர்கள் போட்ட வாக்கு அது. சட்டப்படி அந்த வாக்கால் எதுவும் மாறவில்லை. ஆனால் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ஷூமான் நிலக்கரியையும் உருக்கையும் இரு நாடுகளும் சேர்ந்து ஆளலாம் என்று அறிவித்து அப்போது சரியாக இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த அறிவிப்பு வந்த நாள் 1950 மே 9. ஹாகன்பாக் தலை விழுந்ததும் ஒரு மே 9 என்பதை நான் வேலை மெனக்கெட்டுச் சரிபார்த்தேன்.

பிள்ளைகளைப் பாலத்தின் நடுவில் நிறுத்துங்கள். பெரும்பாலும் காவலர் இல்லை, பாஸ்போட் கேட்பார் இல்லை. சைக்கிளில் பாண் வாங்கப் போகிறவர் கடந்து போவார். அங்கே வைத்து ரைன் வாசலின் லத்தீன் வாசகத்தைத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். "பாலமும் வாசலும் ஆகிறேன்." எழுதியவன் நினைத்தது வேறு, இப்போது நடப்பது வேறு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அகதி விசாவுக்கும் பயண ஆவணத்துக்கும் எத்தனை அலுவலக வரிசைகளில் நின்றோம் என்பதை அந்த இடத்தில் நீங்கள் விரும்பினால் சொல்லலாம், எனக்கு ஒவ்வொரு முறையும் அங்கேதான் அது நினைவுக்கு வருகிறது.

சரி, இனி ஏற்பாடு. பஸ் பிடிக்கத் தேவையில்லை, ஃப்ரைபுர்க்கிலிருந்து ரயிலில் போய்விடலாம், குழுச் சீட்டு எடுத்தால் செலவு ரூஸ்ட் பூங்காவில் ஒரு பிள்ளைக்கு ஆவதில் சிறு பங்குதான். காலையில் நிலையம், அங்கிருந்து நடந்து குன்று, பேராலயம், கிணற்றுக் கோபுரம். பேராலயச் சதுக்கத்திலிருந்து இரண்டு பக்க மலைகளையும் வரையச் சொல்லிச் சின்ன வகுப்புகளை அங்கேயே ஓர் ஆசிரியரோடு விடலாம். பெரிய பிள்ளைகள் கீழே இறங்கி ரைன் வாசல் அருங்காட்சியகம், பிறகு நீல வீடு. நீல வீட்டுக்குக் கூட்டமாகப் போவதென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும், அந்தக் கடிதத்தை ஜேர்மன் மொழியில் நான் எழுதித் தருகிறேன். மதியச் சாப்பாட்டை ஆற்றங்கரையில் வைத்துக்கொள்ளலாம், புற்றரையும் நிழலும் உண்டு. கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாலம். நேரமும் தெம்பும் இருந்தால் அக்கரையில் பஸ்ஸில் நெஃப் பிரிசாக் வரை போகலாம். வோபானின் மதில் முழுசாக நிற்கிறது, 2008 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். மதிலின் மேல் ஒரு சுற்று நடந்தால் எண்கோணத்தின் எட்டு மூலைகளையும் கணக்குப் பாடத்தோடு சேர்த்து முடித்துவிடலாம்.

ரூஸ்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதை இன்னொரு மாதம் வைத்துக்கொள்வோம். கோடை விடுமுறைக்கு முன் ஒரே ஒரு சனிக்கிழமையைத் தாருங்கள். பயிற்சித் தாள்களும் வழிகாட்டிக் குறிப்பும் என் பொறுப்பு. ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு பெற்றோர் கூட வந்தால் போதும். வர விருப்பமுள்ளவர்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் வகுப்பு ஆசிரியரிடம் பெயர் கொடுங்கள். வரத் தயங்குகிறவர்கள், முக்கியமாக அன்று அந்தக் கேள்வியைக் கேட்டவர், பிள்ளைகளை அனுப்புவதற்கு முன் ஒருநாள் என்னோடு தனியாக வாருங்கள். நான் எந்த வார இறுதியிலும் தயார். காலை ரயிலில் போனால் மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம்.

அன்புடன்,
ஃப்ரைபுர்க்கிலிருந்து, உங்களில் ஒரு தகப்பன், தமிழ் வகுப்பு ஆசிரியன்